பொம்மைக் கார் ஓ.கே! பொம்மைத் துப்பாக்கி...?

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலும், ரயில்வே ஜங்ஷனும்தான் ஞாபகத்துக்கு வரும். உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள்... "எங்க ஊரு செராமிக் ஊருங்க!" என்பார்கள். செராமிக் தொழிற்பேட்டை, அந்தப் படிப்புக்கென்றே ஓர் அரசுக் கல்வி நிலையம் என்று களிமண்ணையே சோறாக்கிக்கொண்ட ஊர் அது. ஃபியூஸ் கட்டையில் ஆரம்பித்து அகல் விளக்கு, உள்ளங்கையில் அடங்குகிற பீங்கான் பொம்மை வரை அங்கே சூளையிலிருந்து வெளியே வருகிறது.

பெரியதைச் சின்னதாக்கிப் பார்ப்பதில் மனிதனுக்கு அப்படி ஓர் ஆசை! நம் வீட்டுக் கொலுவையே எடுத்துக்கொள்ளுங்களேன். படிக்குப் பக்கத்தில் ஒரு 'பார்க்' போடுவோம். கடுகு விதைத்துப் புல்தரை, கண்ணாடித் துண்டில் குளம், மணலில் ரோடு. ரோடு என்று ஒன்று வந்துவிட்டால் கார் இல்லாமலா? பையனின் பொம்மைக் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். அதே பையன், அடுத்த சில வாரங்களில் தீபாவளிக்குக் கேட்பது என்ன? துப்பாக்கி!

நவராத்திரிக்குக் கார், தீபாவளிக்குத் துப்பாக்கி. இரண்டையும் 'பொம்மை' என்ற ஒரே கணக்கில் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றுதானா? இல்லை என்பதுதான் என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

அப்பாக்களுக்கும் கார் ஆசை!

முதலில் கார். இது சின்னப் பையன்கள் சமாசாரம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல், தலை நரைத்த பிறகு மாடல் கார் சேர்க்கிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் போதும், பேச்சு முடியாது. "ஒன் ஈஸ் டு சிக்ஸ்டிஃபோரா, ஃபார்ட்டித்ரீயா?" என்று கணக்கிலேயே பேசுவார்கள். நிஜக் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. நம் பழைய அம்பாஸடரின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். அதை 43 மடங்கு சுருக்கினால் 10 சென்டிமீட்டர். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அந்த வண்டி, இன்றைக்குப் பல வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது!

இங்கிலாந்தில் 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' கார்களும், அமெரிக்காவில் 1968-ல் 'ஹாட் வீல்ஸ்' கார்களும் வந்தன. தீப்பெட்டி மாதிரி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு விற்றதால்தான் 'மேட்ச்பாக்ஸ்' என்று பெயர். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்துச் செய்கிற கார்கள் இவை. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அந்தக் கனத்தில்தான் மயக்கமே!

"இந்த வயசுல உங்களுக்கு ஏங்க இந்த வெளையாட்டு?" என்று கேட்கிற இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. கோபப்படாதீர்கள் அம்மா. ஆபீஸ் டென்ஷனோடு வந்து டி.வி. முன்னாலும் செல்போன் முன்னாலும் சாய்ந்து கிடப்பதைவிட, ஒரு மணி நேரம் உட்கார்ந்து சின்னச் சக்கரத்தைப் பொருத்துவது எவ்வளவோ மேல். கண்ணும் விரலும் சேர்ந்து வேலை செய்கின்றன. அவசரம் குறைகிறது. பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது. சிகரெட், சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டால் செலவும் கம்மி. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு மட்டும் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காரிலும் கவனம் தேவை

காருக்கு நூற்றுக்கு நூறு மார்க் போட்டுவிட முடியாது. நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, பட்டன் பேட்டரி. லைட் எரிகிற, ஹாரன் அடிக்கிற சின்னக் கார்களில் பொட்டு மாதிரி பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி, உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும். "வெளிக்கிப் போனா வந்துடும்" என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடுகிற மாதிரி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இரண்டு, கழன்று வரும் பாகங்கள். மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குச் சக்கரமும் மிட்டாய்தான், கண்ணாடியும் மிட்டாய்தான். பெரியவர்கள் சேர்ப்பதற்கென்று வரும் மாடல்கள் குழந்தை விளையாடுவதற்கு அல்ல. அலமாரியில் உயரத்தில் இருக்கட்டும்.

மூன்று, பெயின்ட். மலிவான வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தை வாயில் வைத்துச் சப்பினால் அது உள்ளே போகும். வளர்கிற மூளைக்கு ஈயம் எதிரி. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத பொம்மையைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான்கு, தூசி. மாடலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்கள், பீங்கான் பட்டறையின் பாலபாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டறைத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் 'சிலிகோசிஸ்' வரும். அதனால் அங்கே காய்ந்த தூசியைப் பெருக்கிக் கிளப்பக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நீங்களும் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். தின்னர் வாடை அடிக்கிற வேலையை ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

ஆக, காரில் உள்ள ஆபத்துக்கெல்லாம் கொஞ்சம் ஜாக்கிரதை போதும். துப்பாக்கி அப்படியா?

எதையாவது கக்குகிற பொம்மை

மாசி மகம் போன்ற திருவிழாக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பீப்பீ, பலூனுக்குப் பக்கத்தில் கறுப்பாகத் துப்பாக்கி தொங்கும். உள்ளே கடலை உருண்டையைவிடச் சின்னதாக, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகள். இப்போது தண்ணீரில் ஊறிப் பெருக்கிற ஜெல் குண்டு போட்டுச் சுடும் துப்பாக்கியும் வந்துவிட்டது. இந்த ஜெல் மணியைக் குழந்தை விழுங்கினால், அது குடலுக்குள் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். அது தனி ஆபத்து!

நான் பயப்படுவது கண்ணுக்காக. கண்ணைச் சுற்றி எலும்பு வளையம் ஒன்றை இயற்கை வைத்திருக்கிறது. டென்னிஸ் பந்து வந்து அடித்தால் அடியின் பெரும்பகுதியை அந்த எலும்பு வாங்கிக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் குண்டு அந்த வளையத்துக்குள் நேராகப் புகுந்துவிடும். 'இமை மூடிக்காதா?' என்று கேட்கலாம். இமை மூடச் சுமார் பத்தில் ஒரு நொடி வேண்டும். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வருகிற குண்டு, அதற்குள் 3 மீட்டர் கடந்துவிடும். நம் வீட்டு ஹாலின் அகலமே அவ்வளவுதானே!

குண்டு பட்டால் கண்ணின் முன்னறையில் ரத்தம் கட்டலாம். லென்ஸ் கலங்கி, பள்ளிக்கூட வயதிலேயே கண்புரை வரலாம். விழித்திரை கிழியலாம். அன்றைக்குச் சரியாகிவிட்ட மாதிரி தெரிந்த கண்ணில், பல வருஷம் கழித்துக் கண் அழுத்த நோய் வருவதும் உண்டு. பத்து நிமிஷ விளையாட்டுக்கு ஆயுள் முழுக்கத் தண்டனை!

தீபாவளித் துப்பாக்கியில் குண்டு இல்லைதான். ரோல் கேப்பில் இருப்பது வெடிமருந்து. காதோரம் வைத்து "டப்" என்று சுட்டால், அந்தச் சத்தம் காதின் உள்நரம்பைப் பாதிக்கும் அளவுக்குப் போகும். சுடும் கையை முகத்திலிருந்து நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கேப்பைப் பையில் போட்டுக்கொண்டு அலைய விடாதீர்கள், உரசிப் பற்றிக்கொள்ளும்.

கடற்கரையிலும் திருவிழாவிலும் பலூன் சுடுகிறோமே, அது? அங்கே இருப்பது ஏர்கன். உள்ளே போடுவது ஈய ரவை. பலூனைத் தாண்டிப் பின்பலகையில் பட்டுத் திரும்பித் தெறிக்கலாம். சுடுகிறவருக்கும் கண்ணாடி கிடையாது, பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற குழந்தைக்கும் கிடையாது. சில பையன்கள் ரவையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்கள். ஈயத்தை வாயில் வைப்பதா?

"நாங்க வெளையாடலையா?"

"சின்ன வயசுல நாங்க திருடன்-போலீஸ் வெளையாடலையா? ரவுடியாவா ஆயிட்டோம்?" என்று சித்தப்பாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொம்மைத் துப்பாக்கி பிடித்தால் பையன் கெட்டுப்போவான் என்று நான் சொல்லவே இல்லை. விரலை நீட்டி "டிஷ்யூம்" என்று சுடட்டும், தென்னமட்டையில் துப்பாக்கி செய்துகொள்ளட்டும். அதில் கற்பனை இருக்கிறது, ஆபத்து இல்லை. என் எதிர்ப்பு ஒன்றே ஒன்றுக்குத்தான்: முன்பக்கத்திலிருந்து ஏதாவது ஒன்று பாய்ந்து வருகிற பொம்மைக்கு!

இன்னொரு கேள்வியும் வரும். "துப்பாக்கி சுடறது ஒலிம்பிக் விளையாட்டாச்சே சார்?" வாஸ்தவம்தான். 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். 2024 பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒன்று, சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து ஒன்று என இரண்டு வெண்கலம் வாங்கினார். விருத்தாசலம் இருக்கிற கடலூர் மாவட்டத்துக்கே ஒரு பெருமை உண்டு. ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில்தான்! நடிகர் அஜித்தைப் பாருங்கள். கார் ரேஸும் உண்டு, மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கமும் உண்டு.

ஆனால் இவர்கள் எங்கே சுடுகிறார்கள்? ஹாலிலா, மொட்டை மாடியிலா? ரேஞ்சில்! அங்கே துப்பாக்கி முனை எப்போதும் இலக்குப் பக்கம்தான் இருக்க வேண்டும். சுடும் நொடி வரை விரல் விசைமேல் இருக்கக் கூடாது. 'நிறுத்து' என்றால் எல்லோரும் நிறுத்த வேண்டும். குண்டு இல்லை என்று காட்டக் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் கயிறு விட்டு வைப்பார்கள். கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. நிஜத் தோட்டா வெடிக்கிற இடத்தில் காதுக்கு அடைப்பானும் கட்டாயம். ஏர் பிஸ்டலுக்கு 10 மீட்டர் தூரத்தில் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான். மூச்சை அடக்கி, கையை நிறுத்தி அதைத் தொடுவது பெரிய மனப்பயிற்சி. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ, பஜ்ஜி எல்லாம். ஈயம் கையில் ஒட்டியிருக்கும் இல்லையா?

நிஜக் கைத்துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். லைசென்ஸ் கேட்காத ஏர்கன்னும் கடையில் கிடைக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமா? பையனுக்கு நிஜமான ஆர்வம் இருந்தால் ரைஃபிள் கிளப்பில் சேர்த்து, பயிற்சியாளர் கையில் ஒப்படையுங்கள். பிறந்தநாள் பரிசாக ஏர்கன் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள்.

அடி பட்டுவிட்டால்...

கண்ணைக் கசக்க விடாதீர்கள். அழுத்தாதீர்கள். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் கிடக்கிற பழைய சொட்டு மருந்து எதுவும் கூடாது. கண்ணில் படாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து மேலே ஒட்டி, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, உடனே கண் டாக்டரிடம் கொண்டுபோங்கள். வெடிமருந்துத் தூள் மட்டும் விழுந்திருந்தால் நல்ல தண்ணீரால் நிறைய கழுவிவிட்டுக் கிளம்புங்கள். வலி குறைந்துவிட்டது, சிவப்பு மறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

விருத்தாசலம் பக்கத்தில் வழக்கு, தகராறு என்றால் கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது கட்டுவார்கள். இந்த வழக்குக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கடை வாசலிலேயே அப்பா, அம்மா இரண்டு பேரும் தீர்ப்புச் சொல்லிவிடலாம். "கார் எத்தனை வேணும்னாலும் பாருடா கண்ணு. குண்டு பாயற துப்பாக்கி மட்டும் வேண்டாம்." பையன் அழுவான்தான். அழுதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடாது!