மோட்டார் இருக்கட்டும்... மிதிப்பதை விட்டுவிடாதீர்கள்!

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய சைக்கிள் ஒன்று சாத்திக் கிடக்கிறதா? சீட்டில் தூசி, டயரில் காற்று இல்லை, கேரியரில் பழைய பேப்பர் கட்டு... நடுத்தரக் குடும்பங்களில் இது சகஜம். கேட்டால், "அப்பா ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. முட்டிவலி வந்ததும் விட்டுட்டாங்க" என்பார்கள்.

விட்ட பிறகு என்ன ஆகிறது? கடைக்குப் போக மகனின் ஸ்கூட்டர். கோயிலுக்கு ஆட்டோ. மீதி நேரம் டி.வி. எடை ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது. முட்டிவலியாவது குறைந்ததா? இல்லை. வேலையில்லாமல் போன தொடைத்தசை மெலிந்துவிடுவதால், உடம்பின் பாரம் முழுவதும் மூட்டின் மேலேயே இறங்குகிறது. சித்த மருத்துவத்தில் அழல் கீல்வாயு என்றும், மதுமேகம் என்றும் நாங்கள் சொல்கிற இரண்டு நோய்களுக்கும் மருந்தோடு அசைவும் வேண்டும். சூரணமும் தைலமும் தருகிறேன். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவருக்கு எந்தத் தைலம் முழுப் பலன் தரும், சொல்லுங்கள்!

அதனால்தான், "பழைய சைக்கிளுக்கு மோட்டார் கிட் மாட்டலாமா சார்?" என்று யாராவது கேட்டால், "தாராளமா மாட்டுங்க" என்கிறேன். "சித்த வைத்தியர், மோட்டாருக்கு வக்காலத்து வாங்குறீங்களே!" என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சிரித்தார். "அண்ணாச்சி, கைத்தடி வச்சுக்கிட்டு நடந்தா அது நடை இல்லையா?" என்றேன். மோட்டாரும் ஒரு கைத்தடிதான். அதைப் பல்லக்கு ஆக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கிட் என்பது என்ன? நடுவில் மோட்டார் வைத்துக் கம்பி கோர்த்த ஒரு சக்கரம், லித்தியம் பேட்டரி, கன்ட்ரோலர் என்கிற சின்னப் பெட்டி, சார்ஜர், பெடல் சுற்றுவதை அறியும் சென்சார், பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்துகிற பிரேக் லீவர். கைவேலை தெரிந்த பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிவிடலாம். 36 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 288 வாட்-அவர் மின்சாரம் நிற்கும். அதை முழுதாக ஏற்ற ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். வழியில் சார்ஜ் தீர்ந்தாலும் மிதித்தே வீடு வந்து சேரலாம். ஸ்கூட்டரில் அது முடியுமா?

"மோட்டார் வச்சா அது உடற்பயிற்சியே இல்லையே டாக்டர்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் கொலராடோவில் உடலுழைப்பு இல்லாத 20 பேரை, மிதித்தால் உதவுகிற மின்சார சைக்கிளில் வேலைக்குப் போகச் சொன்னார்கள். வாரத்தில் குறைந்தது 3 நாள், நாளுக்கு 40 நிமிடம். ஒரே மாதத்தில் அவர்களின் இதய, நுரையீரல் திறன் கூடியது. குளூக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவும் குறைந்தது. இந்த முடிவு 2016-ல் வெளியானது. 20 பேர் சின்ன எண்ணிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐரோப்பாவின் 7 நகரங்களைப் பற்றி 2019-ல் வந்த பெரிய ஆய்வும் இதையே ஆதரிக்கிறது. மின்சார சைக்கிள்காரர்கள் அதிக தூரம் போவதால், அவர்களின் மொத்த உடலுழைப்பு சாதா சைக்கிள்காரர்களுக்குச் சமமாகவே இருந்ததாம்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக 15 நிமிடம், வர 15 நிமிடம், வாரம் 5 நாள். கணக்கு சரியாகிவிட்டது பாருங்கள்!

ஆனால் ஒன்று. இந்தப் பலனெல்லாம் மிதித்தால்தான். கிட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மிதித்தால் மட்டும் உதவுவது. இன்னொன்று, ஸ்கூட்டர் மாதிரி ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஓடுவது. பல கிட்டில் இரண்டுமே இருக்கும். முதல் வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். மேம்பால ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதும், எதிர்க்காற்றிலும் மோட்டார் கைகொடுக்கட்டும். சமதரையில் உதவியைக் குறைத்துவிட்டு உங்கள் கால் வேலை செய்யட்டும்.

வாங்கும்போது 250 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் போட்டிருக்கும் வரம்பு. அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் வந்துவிடும். "1000 வாட், பறக்கும்" என்ற விளம்பரத்துக்கு மயங்காமல், சோதனைச் சான்று இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்தது பிரேக். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. 12 கிலோமீட்டர் வேகத்தில் போன சைக்கிள் 24-ல் போனால், பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் ஆகும். எடையும் ஐந்தாறு கிலோ கூடியிருக்கும். அந்தக்காலத்துக் கம்பி பிரேக், மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் எப்படிப் பிடிக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். கிட்டில் வரும் பிரேக் லீவரும் அதற்குப் பொருந்தாது. கேபிள் பிரேக் வைக்க முடியாத சைக்கிளுக்கு மோட்டார் வேண்டவே வேண்டாம்.

ஃபோர்க்கில் துருவோ விரிசலோ இருந்தாலும் இதே தீர்ப்புதான். மோட்டார் சுழலும்போது அதன் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு பட்டை இரும்பு வைத்து முடுக்க வேண்டும். ஒயர் இணைப்பைப் பிள்ளைகள் பார்க்கட்டும். சக்கரம் மாட்டுவதும், கோட்டம் எடுப்பதும், பிரேக் கட்டை வைப்பதும் சைக்கிள் கடைக்காரர் கையால் நடக்கட்டும். சக்கரம் 26 அங்குலமா, 28 அங்குலமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டு கிட் வாங்குங்கள்.

பேட்டரி விஷயத்தில் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் உயிரிழந்தார்கள். பேட்டரியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் செருக விடாதீர்கள். எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் போடக் கூடாது. வாசலிலும் மாடிப்படி அடியிலும் வைத்து ஏற்றக் கூடாது. தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டாமா? உப்பிய, அடிபட்ட, தண்ணீர் புகுந்த பேட்டரியை உடனே ஒதுக்கிவிடுங்கள். பிரித்து ரிப்பேர் செய்யும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

யாருக்கு இது வேண்டாம்? நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள், பார்வை மங்கியவர்கள், மூட்டு வீங்கிச் சூடாக இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைச் சட்டம் கேட்காவிட்டாலும் தலை கேட்கும்.

சீட்டையும் கவனியுங்கள். கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று நம்மவர்கள் சீட்டை அடிமட்டத்தில் வைத்து ஓட்டுகிறார்கள். அதில் முட்டி அதிகமாக மடங்கி, வலி கூடும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருப்பதே சரியான உயரம்.

பிள்ளைகளே, அப்பாவின் சைக்கிளை இந்த வாரமே வெளியே எடுத்து, கடையில் விட்டு ஓவராயில் செய்யுங்கள். பிரேக்கும் ஃபோர்க்கும் தேறினால் கிட் வாங்கலாம். தேறாவிட்டால் வேறு நல்ல சைக்கிளாகப் பாருங்கள். எதுவானாலும் அப்பாவின் கால் பெடலில் இருக்கட்டும்.