தனியார் அணிகளுக்குப் பொதுப்பணத்தில் அரங்கமா? எமது நிலைப்பாடு

நல்லதண்ணியிலும் அதனைச் சூழ்ந்த மஸ்கெலியாத் தோட்டங்களிலும் விளையாட்டுக் கழகங்களை நடத்திவரும் நாங்கள், லாபங் கருதித் தனவந்தர்களும் கம்பனிகளும் வைத்திருக்கும் அணிகள் ஆடுவதற்காகப் பிரஜைகளின் பணத்தில் அரங்கம் எழுப்புவது நியாயமன்று என்னும் எமது ஏகோபித்த அபிப்பிராயத்தை இதனாற் பகிரங்கப்படுத்துகின்றோம்.

2011 ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தை முன்னிட்டுச் சூரியவெவவின் காட்டுப்புறத்தில் 35,000 பேர் அமரத்தக்க அரங்கமொன்றையும் பல்லேகலயில் இன்னொன்றையும் எழுப்பிய ஸ்ரீலங்கா கிரிக்கெட், அதனால் ஏற்பட்ட கடன் சுமையால், போட்டி முடிந்தபின் தன் வீரர்களுக்குச் சம்பளங்கூடக் கொடுக்க வழியின்றிப் பல மாதம் தவித்ததை நாடறியும். அந்தச் சூரியவெவவிலேதான் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கின் முதல் தொடர் முழுவதும், கொள்ளைநோய் காரணமாகப் பார்வையாளர் எவருமின்றி நடந்தேறியது. ஆடிய ஐந்து அணிகளும் தனியாருடையவை. அத்தகைய உரிமையாளர்கள் இன்றிருப்பார், நாளை போவார். தம்புள்ளை அணியின் உரிமை 2024 இல் தொடர் ஆரம்பிக்குமுன்னரே ரத்தாயிற்று. பராமரிப்புச் செலவோ ஒருநாளும் ரத்தாவதில்லை.

கடல்கடந்த தேசத்துச் செய்தி இதனினும் விசித்திரமானது. 1976 ஒலிம்பிக்குக்கெனக் கனடாவின் மொன்றியலிற் கட்டிய அரங்கின் கடனை, புகையிலை மீது விசேஷ வரி விதித்து, 2006 வரை கியூபெக் மாகாணத்தார் அடைத்தனர். அங்கே ஆடிவந்த பேஸ்போல் அணி, கடன் தீருமுன்னரே, 2004 ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

அரங்கம் வந்தால் ஊர் செழிக்கும் என்பார் உளர். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர்களால் நிரம்பி வழியும் எம்மூர்க் கடைகள், எஞ்சிய மாதங்களில் ஈயோட்டிக் கிடப்பதைக் கண்டவர்களிடம் இவ்வாதம் செல்லாது; ஆட்ட நாட்களின் கூட்டமும் அவ்வாறே வந்து கலைந்துவிடும்.

பொதுப்பணம் என்பது யாருடையது? நல்லதண்ணிக் கடையிலே சவர்க்காரக் கட்டியொன்று வாங்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணும், அதன் விலையோடு 18 வீதப் பெறுமதி சேர் வரியைச் செலுத்துகின்றாள். அவள் மகன் பந்தெறியும் இடமோ கொழுந்து மடுவத்தை அடுத்த ஒரு சரிவு. ஓங்கியடித்த பந்து தேயிலை நிரைக்குள் உருண்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரு கட்சியாரும் இறங்கித் தேடவேண்டும். தென்மேற் பருவமழை தொடங்கிவிட்டாலோ, நீர் வடியக் கான் இல்லாமையால், கணுக்கால் புதையும் சேறு. அச்சரிவைச் சமப்படுத்தலாமென்றால், தோட்ட நிலம் அரசாங்கத்தினுடையதாயினும் நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளின் கையிலிருப்பதால், அவர்கள் சம்மதமின்றி ஒரு மண்வெட்டியும் போடமுடியாது.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் அடிக்கல் நாட்டப்பட்ட அரங்கத்தை நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. வடபுலத்துப் பிள்ளைகளுக்கு அது நெடுங்காலமாகச் சேரவேண்டிய பாத்தியதை. ஆயினும் தனியார் அணிகள் அங்கே ஆடுமாயின் உரிய வாடகை கொடுத்தே ஆடட்டும். ஒப்பந்தமும் வரவுசெலவுக் கணக்கும் எவரும் வாசிக்கும்படி வெளியாகட்டும். 2020 இல் ஹோமாகமவில் உத்தேசித்த பேரரங்கம், மஹேல ஜயவர்தன முதலிய முன்னாள் வீரர்கள், இருக்கும் அரங்கங்களிலேயே போதிய ஆட்டமில்லையே என்று கேட்டதும் கைவிடப்பட்டது. ஆகவே வாய்திறந்து கேட்பது வீண்போவதில்லை.

விளையாட்டுத்துறை அமைச்சையும் நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களையும் நாங்கள் வேண்டுவது இதுவே: தனியார் அணிக்குப் பயன்படும் எந்த அரங்கத்துக்கும் திறைசேரியிலிருந்து ஒரு சதமேனும் ஒதுக்குமுன், தோட்டத்து விளையாட்டிடங்களைக் கம்பனிகளிடமிருந்து மீட்டுப் பிரதேச சபைகளின் பொறுப்பில் ஒப்படைத்து, அவற்றுக்குக் கான் வெட்டி, தடுப்புச் சுவர் கட்டித் தாருங்கள்.