பி.சி.சி.ஐ-யும் ஒரு சங்கம்தான்... கணக்கு கேட்க முடியுமா?

எங்கள் அபார்ட்மென்ட் சங்கப் பொதுக்குழுவில், லிஃப்ட் ரிப்பேருக்கு எவ்வளவு ஆச்சு என்று அப்பா வருஷா வருஷம் கேட்பார். செயலாளர் பில்லைக் காட்டியே ஆகணும். அந்தச் சங்கம் பதிவான அதே சட்டத்தின் கீழ்தான் பி.சி.சி.ஐ-யும் பதிவாகியிருக்கிறது: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஆபீஸ் மும்பையில், பதிவு நம்ம ஊரில்!

1983-ல் கபில் தேவ் அணி உலகக் கோப்பையோடு வந்தபோது, வீரர்களுக்குப் பரிசு கொடுக்க வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி நடத்தித் தந்த வசூலில்தான் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். நிலைமையை மாற்றியது டிவி. ஒளிபரப்பு அரசின் தனிச்சொத்து இல்லை என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், வாரியத்தின் கை ஓங்கியது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல் ஒளிபரப்பு உரிமை மட்டுமே 48,390 கோடி ரூபாய்!

பணம் இருக்கும் இடத்தில்தானே பேச்சு எடுபடும்? ஐ.சி.சி வருமானப் பங்கீட்டில் சுமார் 38.5 சதவிகிதம் இந்தியாவுக்கு. 2025 சாம்பியன்ஸ் டிராபியை நடத்தியது பாகிஸ்தான். இந்திய அணி அங்கே போகாததால், ஃபைனல் நடந்தது துபாயில். இந்தியா ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் லாகூர் ரசிகர்களை நினைத்தால் பாவமாக இருந்தது.

இதே செல்வாக்கு நல்லதும் செய்யும். 2022-ல் பெண்களுக்கும் ஆண்களுக்கு இணையான மேட்ச் ஃபீஸ் அறிவித்தார்கள், டெஸ்ட்டுக்கு 15 லட்சம் ரூபாய். அதைக் கேட்டு கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால், கேள்வி கேட்பது யார்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் வாரியத்துக்கும் பொருந்தும் என்று 2018-ல் மத்திய தகவல் ஆணையம் சொன்னது. வாரியம் கோர்ட்டுக்குப் போனது. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமோ, அரசிடம் நிதி வாங்கும் அமைப்புகளைத்தான் அந்த உரிமைக்குள் கொண்டுவந்தது. பி.சி.சி.ஐ அரசிடம் நிதி வாங்குவதில்லை. முடிந்தது கதை.

வாரியத்தின் உறுப்பினர்கள் மாநில கிரிக்கெட் சங்கங்கள். அவர்கள் கணக்கு கேட்கலாம். ஆன்லைனில் டிக்கெட்டுக்காக மணிக்கணக்கில் க்யூவில் காத்திருந்து ‘சோல்டு அவுட்’ பார்த்தவர்கள், மொத்தத்தில் எத்தனை டிக்கெட் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது என்று கேட்டால்? பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. லிஃப்ட் பில்லை விடாத அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப அந்தச் சங்கத்துல நம்ம சேர முடியாதா?” என்றார்.