ஒரு போர்வை கொடுத்தால் என்ன?

வாட்ஸப்பில் இப்போது பழுப்புக் கொழுப்பு மகாத்மியம் ஓடுகிறது. ஐஸ் தண்ணீரில் குளித்தால் அது விழித்துக்கொண்டு மற்றக் கொழுப்பையெல்லாம் எரித்துவிடுமாம். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன், சிகிச்சை முடிந்த என் மனைவிக்குப் பெட் ஸ்கேன் எடுத்தோம். லேசான கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் படுக்க வைப்பார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் இடம் படத்தில் பளிச்சிடும். புற்றுநோய் அப்படித் தின்னும். காத்திருந்த அறையில் ஏ.சி. எலும்பைக் குடைந்தது. போர்வை கேட்டேன். "இல்லை சார், மெஷினுக்கு ஏ.சி. வேணும்" என்றார்கள். மெஷின் இருந்ததோ அடுத்த அறையில்!

கழுத்தின் இருபுறமும் பளிச்சிடுகிறது, நோய் பரவியிருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. முப்பது வருஷம் கோப்பு எழுதியவன் நான். "இருக்கலாம்" யாரைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியும். பதினோரு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வேறொரு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "பழுப்புக் கொழுப்பும்மா இது. குளிரில் உடம்பைச் சூடாக்கச் சர்க்கரையை எரிக்கிறது. சி.டி. படத்தில் அந்த இடத்தில் கட்டியே இல்லை" என்றார்.

பிரெஞ்சுப் பள்ளியில், நன்றாகத் தூங்குகிறவனை "மர்மோத் மாதிரி தூங்குகிறான்" என்பார்கள். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஆல்ப்ஸ் மலைப் பிராணி அது. அதன் உடம்பில் இந்தக் கொழுப்பை 1551-லேயே கெஸ்னர் எழுதி வைத்தார். மனிதர்களில் குழந்தைகளுக்குத்தான் உண்டு, வளர்ந்தால் போய்விடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பெட் ஸ்கேன் வந்த பிறகே பெரியவர்களிடமும் அது வேலை செய்வது பரவலாகத் தெரியவந்தது. 2009-ல் ஒரே மருத்துவ இதழில் மூன்று கட்டுரைகள் வந்தன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 24 ஆண்களை 16 டிகிரி குளிரில் வைத்துப் படமெடுத்தபோது 23 பேரிடம் பளிச்சிட்டது. குளிரில்லாதபோது ஒருவரிடமும் இல்லை.

ஐஸ் குளியல்காரர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். விளக்கு எரிந்தது உண்மை. யாரும் இளைத்ததாக அந்தப் படங்கள் சொல்லவில்லையே!

என் சண்டை அவர்களோடு அல்ல. ஊசிக்கு முன்பே நோயாளியைக் கதகதப்பாக வைத்தால் இந்தப் பளிச்சிடல் பெரும்பாலும் அடங்கும். இது அந்த ஸ்கேன் நிலையத்துக்குத் தெரியாதா? ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே, ஒரு போர்வைக்கா பஞ்சம்? தெரிந்தும் கொடுக்கவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன். பரணில் இருந்த கம்பளியை இறக்கி வெயிலில் போட்டிருக்கிறேன்.