பழங்கதைக்கு இடமில்லாத கேஸ் ஷீட்

வயதானவர் வாயைத் திறந்தாலே “பழங்கதையை ஆரம்பிச்சுட்டார்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் வீட்டோடு நிற்பதில்லை. மருத்துவமனை வார்டிலும் அதுதான் நடக்கிறது. முதிய நோயாளியின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு சிகிச்சை செய்யலாமே என்று யார் சொன்னாலும், “வைத்தியம் பார்க்கவே நேரமில்லை, இதில் கதை வேறா?” என்ற பதில் உடனே வருகிறது. அனுபவமுள்ள மருத்துவர்கள் சொல்வதாலேயே அந்தப் பதில் சரியாகிவிடாது. முதுமையில் பழையதைப் பேசுவது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்ற கருத்து மேலோங்கியிருந்த காலத்தில், 1963-லேயே, அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அதை மறுத்து எழுதினார். மரணம் நெருங்குவதை உணர்ந்த மனம், தீராமல் கிடக்கும் பழைய சிக்கல்களை எடுத்துப் பார்க்கும் இயல்பான வேலை அது என்றார். அறுபது ஆண்டு கழித்தும் நாம் அதைத் தொணதொணப்பு என்கிறோம்.

நேரமில்லை என்பவர்கள் மாடிசனைப் பார்க்கட்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள அந்த ஊரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், 2013-ல் நோயாளிகளின் வாழ்க்கைக் கதையை எழுதிவைக்கும் வேலை தொடங்கியது. இதற்கென்றே இருக்கும் எழுத்தாளர்களும் தன்னார்வலர்களும் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். சுமார் ஆயிரம் சொற்களில், அவரே பேசுவதுபோல் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுகிறார்கள். அவர் திருத்திச் சம்மதித்த பிறகு அது மின்னணு மருத்துவப் பதிவேட்டில் சேர்கிறது. பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், புதிதாக வருபவர் சில நிமிடங்களில் அதைப் படித்துவிடலாம். நேரம் எங்கே வீணானது? மாடிசனில் சாத்தியமாகி, பிறகு பல படைவீரர் மருத்துவமனைகளுக்கும் பரவிய காரியம் இங்கே மட்டும் ஏன் ஆடம்பரமாகிவிடுகிறது? மில்லில் முப்பது வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்த ஒருவர், மறதிநோய் வந்தபின் இரவு இரண்டு மணிக்கு எழுந்து நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்த வேலை கேஸ் ஷீட்டில் ஒரு வரியாக இருந்தால், நர்ஸ் அவரோடு நாலு வார்த்தை பேசி உட்காரவைத்துப் பார்ப்பார். அந்த வரி இல்லாத வார்டில் தூக்க ஊசி போடுவார்கள், கையைக் கட்டிலோடு கட்டுவார்கள்.

ஆதாரம் போதாது என்பார்கள். மறதிநோயாளிகளுக்கான நினைவூட்டல் சிகிச்சை பற்றி 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பலன்கள் சிறியவை, ஒரே சீராக இல்லை என்றது உண்மைதான். ஆனால் அது ஆராய்ந்தது, பழைய நினைவுகளைப் பேசவைப்பதையே சிகிச்சையாகத் தருவதை. சிகிச்சை பெறுபவர் யார் என்று தெரிந்துகொள்வதற்கு அந்தத் தராசு எதற்கு? மாடிசன் கதைகள் எந்த மருந்துக்கும் போட்டியாக எழுதப்பட்டவை அல்லவே. நோயாளியின் கதையைக் கேட்காத இடத்தில்தான் ஒரு தலைமையாசிரியை வெறும் ‘பதினாலாம் பெட்’ ஆகிறார். டாக்டர் அவரைத் தாண்டி மகனிடம் பேசுகிறார். கையெழுத்தையும் மகனே போடுகிறான். அந்தரங்கம் கெட்டுவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். பொது வார்டில் பத்துப் பேர் காதில் விழ “மோஷன் போனீங்களா?” என்று கேட்கும்போது அந்தரங்கம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மாடிசனில் சொன்னவர் சம்மதிக்காமல் எதுவும் பதிவேட்டில் ஏறுவதில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று முடிவுசெய்யும் உரிமை அந்த முதியவருடையது. மகனுக்கும் இல்லை, வார்டுக்கும் இல்லை.