சப்பாத்துக்குள் கத்தி எதற்கு?

சப்பாத்துக்குள், கணுக்காலோடு ஒட்டிச் செருகி வைக்கிற சின்னக் கத்தியைத்தான் 'பூட் நைஃப்' என்கிறார்கள். மூன்று நான்கு அங்குல அலகு, பெரும்பாலும் இரண்டு பக்கமும் கூர், கிளிப் வைத்த ஓர் உறை. ஆங்கிலப் படங்களிலும் யூடியூப்பிலும் பார்த்த எங்கட பெடியள் "ஒன்று வாங்கி வச்சா என்ன?" என்று கேட்கிறாங்கள். கேள்வி நியாயமானது. தீவுப் பக்கத்து வாழ்க்கையை வைத்தே பதில் சொல்லிப் பார்ப்பம்.

முதலில் நல்லது. கடலோடு வாழும் ஊரில் கையோடு ஒரு சின்னக் கத்தி இருப்பது ஆடம்பரம் இல்லை. வலை புரொப்பெல்லரில் சுற்றினால், கயிறு காலில் சிக்கினால், கரைக்குப் போய்க் கத்தி எடுத்து வரேலாது. நைலோன் கயிறு பல்லுக்கும் அறுபடாது. பூட் நைஃப் பாரமில்லை, கை இரண்டும் சும்மா இருக்கும், தொலையவும் மாட்டாது.

ஆனால் குறைகள் அதைவிடக் கனக்க.

ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ தொழிலுக்குப் போகிறவர் ஆர் சப்பாத்துப் போடுகிறார்? முழங்கால் தண்ணிக்குள் இறங்கி வலை பார்க்கிறவருக்கு வெறுங்கால்தான் வசதி. மற்ற எங்களுக்குச் செருப்பு. கத்தியைச் செருகவே இடமில்லை.

அடுத்தது அலகு. இரண்டு பக்கமும் கூரான கத்தி குத்துவதற்கென்று வடிவமைத்தது. மீன் வெட்டவோ நுங்கு சீவவோ அதன் முதுகில் பெருவிரலை வைத்து அழுத்த முடியாது. அழுத்தினால் வெட்டுப்படுவது எங்கட விரல்.

மலிவான ஸ்டெயின்லெஸ் அலகு சுலபத்தில் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் கூர் கெதியில் மழுங்கும். லொறியின் வில்லுத்தகட்டில் கொல்லன் அடித்துத் தருகிற கத்தி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும்தான். துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் போதும், கல்லில் நாலு இழுவை இழுத்தால் கூர் திரும்பி வரும்.

இதையெல்லாம்விடப் பெரிய விசயம், அந்தக் கத்தி ஒளித்து வைக்கவென்றே செய்யப்பட்டது. கள்ளுச் சீவுகிறவரின் பாளைக்கத்தி எங்கட பக்கத்தில் உள்ள கத்திகளிலேயே கூரானவற்றில் ஒன்று. அவர் அதை இடுப்பில் எல்லாரும் காணத்தான் கொண்டு போகிறார். ஒருவரும் பயப்படுவதில்லை, அது எதற்கென்று ஊருக்குத் தெரியும். ஸ்கொட்லாந்தில் கில்ட் உடையோடு காலுறைக்குள் 'ஸ்கீன் டூ' என்ற சின்னக் கத்தி செருகுவார்கள். அதிலும் பிடி வெளியே தெரிய வைப்பதே வழக்கம். ஒளித்த கத்தியோடு பொலிஸ் சோதனையில் நின்றால் "என்ன தேவைக்கு?" என்ற கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

"பாதுகாப்புக்கு" என்பதுதான் உண்மையான பதில் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தை நாங்கள் நக்கலடிக்கவில்லை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன பயணிகள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2023 ஏப்ரலில் நெடுந்தீவில் ஒரே வீட்டில் முதியவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுச் செய்தி இன்னும் ஓயவில்லை. பொழுதுபட்ட பிறகு குறிகட்டுவானில் இறங்கித் தனியப் போகும் தோழிகளின் பயமும் சும்மா வந்ததில்லை.

ஆனால் அந்தப் பயத்துக்கு இந்தக் கத்தி மருந்தா? ஒருவர் பாய்ந்து வரும்போது குனிந்து, காற்சட்டையை உயர்த்தி, உறையில் இருந்து உருவ எவ்வளவு நேரம்? உருவினாலும் பழக்கமில்லாத கையில் இருந்து அதைப் பறிக்க எவ்வளவு நேரம்? கைகலப்போடு முடிய வேண்டிய சண்டையை ஆஸ்பத்திரி வரை கொண்டு போவதும் இடுப்பில், காலில் இருக்கிற கத்திதான். இறங்குதுறையில் எரிகிற லைட், நேரத்துக்கு ஓடுகிற படகும் பஸ்ஸும், கூப்பிட்டால் வருகிற பொலிஸ், கதவைத் தட்டக்கூடிய பக்கத்து வீடு, இவைதான் பாதுகாப்பு. இவற்றைக் கேட்டு வாங்குவது கத்தி வாங்குவதைவிடக் கஷ்டம்தான். அதற்காகக் கேட்காமல் விடேலாது.

கத்தி தேவையென்றால் கொல்லன் பட்டறையில் ஒருபக்கக் கூரோடு ஒன்று அடிப்பியுங்கோ. படகில் வையுங்கோ, குசினியில் வையுங்கோ, வேலைக்குப் போகும்போது எல்லாரும் காண இடுப்பில் கட்டுங்கோ. சப்பாத்துக்குள் வேண்டாம்.