வானம் பொய்த்தது, மாந்தரும் பொய்ப்பதோ?



மழை பொய்த்தால் நிலம் வறளும், இஃது இயற்கை. நிலம் வறண்டால் விளைவு குன்றும், இதுவும் இயற்கையே. ஆனால், விளைவு குன்றிய நிலத்து மக்கள் வீட்டையும் தொழுவத்தையும் துறந்து, குழவிகளைத் தோளிற் சுமந்து, பன்னாள் நடந்து, வந்து சேர்ந்த இடத்திலும் பருக நீரின்றி மடிகின்றார்களே, அஃது இயற்கையன்று. செய்யவேண்டியதைச் செய்யவேண்டிய காலத்திற் செய்யாது விட்டவர்களின் வினை அது. வறட்சி வானத்தின் செயல். வற்கடச் சாவோ மாந்தரின் செயல். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிப் பழி முழுவதையும் வானத்தின்மேற் போட்டுவிட்டுக் கைகழுவிக் கொள்ளும் வல்லரசுகளின் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்க வேண்டும்.

இதற்குச் சான்று, நம் குமரிக் கரையைத் தொடும் அதே பெருங்கடலின் மேலைக் கரையில் கிடக்கும் சோமாலியா நாடு.

அந்நாட்டில் ஆண்டுக்கு இருமுறை மழை பெய்யும். சித்திரையை ஒட்டித் தொடங்கும் மழையைக் 'கூ' என்றும், ஐப்பசியை ஒட்டித் தொடங்கும் மழையைத் 'தெயிர்' என்றும் அம்மக்கள் வழங்குவர். அவருட் பலர் ஒட்டகமும் ஆடும் மாடும் மேய்ப்போர். தென்புலத்தில், எத்தியோப்பிய மலைநிலத்திற் பிறந்து வரும் சூபா, சபெல்லே என்னும் ஈராறுகளின் கரைகளிலும் இடைநிலத்திலும் சோளம் விளைப்போரும் உளர். 2020-ஆம் ஆண்டின் தெயிர் மழை தொடங்கி 2022-ஆம் ஆண்டின் தெயிர் மழை முடிய அடுத்தடுத்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. நாற்பது ஆண்டுகளில் அந்நிலம் காணாத நெடுவறட்சி அது. 30 இலக்கத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. 13 இலக்கத்திற்கும் மேற்பட்ட மக்கள் நிலம்பெயர்ந்தனர்.

மேய்ப்பன் எளிதில் தன் நிலத்தை விட்டு நீங்குவதில்லை என்பதை நாம் முதற்கண் உணர வேண்டும். குட்டை வற்றியவுடன் அவன் ஊர்தியில் வரும் நீரை விலைக்கு வாங்குகின்றான். நீரின் விலை ஏற ஏற ஆடுகளை விற்கின்றான். எல்லாரும் ஒருங்கே விற்கப் புகுவதால் ஆட்டின் விலை வீழ்கின்றது. கூலத்தின் விலையோ ஏறுகின்றது. நேற்று ஓர் ஆட்டுக்கு ஒரு மூட்டை சோளம் வாங்கியவன் இன்று அரை மூட்டையும் வாங்க இயலாதவனாகின்றான். பின்னர் மாடுகள் மடிகின்றன. நீரின்றி நெடுநாள் தாங்கவல்ல ஒட்டகமும் சாயும்பொழுதே அவன் ஊரைத் துறக்கின்றான். ஆகலின், நகரத்தின் ஓரத்தில் கந்தலும் குச்சியும் கொண்டு குடிலமைத்து அமர்ந்திருப்பவனைக் காணும் உலகம், அவன் துன்பத்தின் தொடக்கத்தைக் காணவில்லை. கடைசிப் படியையே காண்கின்றது. ஒரு மந்தையைக் காக்க முன்னரே கொடுத்திருக்க வேண்டிய தீவனத்தையும் நீரையும் கொடாதவர்கள், அம்மந்தை முழுதும் மாண்ட பின்னர் அம்மேய்ப்பனின் கையில் ஒரு படி மாவை அளந்து போட்டுப் படம் எடுத்துக் கொள்கின்றனர். இதனைக் கொடை என்பதா? கொடுமை என்பதா?

பெயர் சூட்டும் வரை பிணம் காத்திருக்குமா?

பசியின் கொடுமையை அளக்க உலக வல்லுநர் ஓர் அளவுகோல் வைத்துள்ளனர். ஐந்தில் ஒரு குடும்பம் உணவே அற்ற நிலைக்கு வர வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு முப்பதின்மர் கடும் ஊட்டக் குறைவால் மெலிந்திருக்க வேண்டும். பதினாயிரவருக்கு இருவர் வீதம் நாள்தோறும் மடிய வேண்டும். இம்மூன்றும் நிறைந்தால்தான் 'வற்கடம்' என்று அறிவிக்கப்படும். அளவுகோல் வேண்டா என்று யாம் கூறவில்லை. அளப்பது ஆய்வாளரின் கடமை. ஆனால், அளந்து முடியும் வரை ஆட்சியாளர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த அறநூல் கூறிற்று?

2010-ஆம் ஆண்டின் இறுதியிலேயே சோமாலியாவின் தென்புலத்தைப் பற்றி எச்சரிக்கைகள் எழுந்தன. 2011 சூலை 20-இல்தான் ஒன்றிய நாடுகள் அவை அங்கே இரண்டு வட்டாரங்களில் வற்கடம் என அறிவித்தது. 2010 அக்தோபர் முதல் 2012 ஏப்பிரல் முடிய மாண்டவர் ஏறத்தாழ 2,58,000 பேர். அவருட் பாதிக்கு மேற்பட்டவர் ஐந்து அகவைக்குட்பட்ட குழவிகள். பெயர் சூட்டப்படுவதற்கு முன்னரே ஏறக்குறையப் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

அவ்வாண்டுக் கொடுமைக்கு ஒரு சாரார் மட்டும் பொறுப்பல்லர். தென்புலத்தைப் பிடித்து வைத்திருந்த அல்-சபாபு படையினர் துயர்துடைப்பு நிறுவனங்கள் பலவற்றைத் தடுத்தனர். மிரட்டலும் தாக்குதலும் மிகவே, உலக உணவுத் திட்டம் 2010 சனவரியில் அப்பகுதியினின்று விலகிற்று. மறுபுறம், பகைவர் கைக்கு ஒரு மூட்டையும் போய்விடக் கூடாது என்று தன் சட்டங்களைக் காட்டி அமெரிக்க அரசு உதவியைச் சுருக்கிற்று. இருபெரும் பகைவர் ஒரே செயலில் ஒன்றுபட்டனர். அஃது ஏழையின் வாயை அடைக்கும் செயல்.

இதிலிருந்து உலகம் பாடம் கற்றதா? ஓரளவு கற்றது. 2017-ஆம் ஆண்டு வறட்சியில் உதவி முன்னரே சென்றது, வற்கடம் தவிர்க்கப்பட்டது. முயன்றால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் 2022-இல் பைதோவா, புர்ககபா என்னும் வட்டாரங்களை வற்கடம் நெருங்குகின்றது என்று செப்தம்பரில் எச்சரித்தனர். பின்னர் அஃது அறிவிக்கப்படவே இல்லை. அறிவிக்கப்படாத அவ்வாண்டில், வறட்சியால் மிகையாக மாண்டவர் ஏறத்தாழ 43,000 பேர் என்று 2023 மார்ச்சில் வெளியான மதிப்பீடு கூறுகின்றது. அவருட் பாதிப் பேர் ஐந்து அகவைக்குட்பட்டோராக இருக்கலாம் என்றும் அஃது உரைக்கின்றது. பெயர் இல்லையெனினும் பிணம் உண்டு. இதுதான் அறிவிப்பை எதிர்பார்த்து நிற்கும் அறத்தின் இலக்கணம்!

போக்கற்றவரா? போக்கடிக்கப்பட்டவரா?

நிலம்பெயர்ந்தாரை 'அகதி' என்று நம் நாளேடுகள் எழுதுகின்றன. அவ்வடசொல்லுக்குப் போக்கற்றவன் என்பது பொருள். சொல்லிலேயே பழி அவன்மேல் விழுகின்றது! அவன் போக்கற்றவன் அல்லன், போக்கடிக்கப்பட்டவன். சொல் பிழைத்தால் எண்ணம் பிழைக்கும். எண்ணம் பிழைத்தால் செயல் பிழைக்கும்.

சட்டத்திலும் இதே பிழை உண்டு. 1951-ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தம், இனம், சமயம், நாட்டுரிமை, குழு, அரசியற் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டெல்லை கடந்தவனையே ஏதிலியாக ஏற்கின்றது. வறட்சிக்கு அதில் இடமில்லை. தன் நாட்டுக்குள்ளேயே பெயர்ந்தவனுக்கும் இடமில்லை. அக்குறையை ஆப்பிரிக்கர் தாமே நிறைத்தனர் என்பதை நாம் பெருமையோடு குறிக்க வேண்டும். 2009-இல் உருவாகி 2012-இல் நடைமுறைக்கு வந்த கம்பாலா ஒப்பந்தம், இயற்கைக் கேட்டால் உள்நாட்டிற் பெயர்ந்தாரையும் காக்கும் கடமையை அரசுகளின்மேற் சுமத்துகின்றது. ஏட்டில் அறம் இருக்கின்றது, நாட்டில்தான் இல்லை.

பைதோவாவிலும் மொகதிசுவிலும் நிலம்பெயர்ந்தோர் குடில்கள் பெரும்பாலும் தனியார் நிலத்தில் உள்ளன. அவற்றைக் காவல் காப்பதாகக் கூறிக்கொள்ளும் இடைத்தரகர், வந்த உதவியில் ஒரு பங்கைப் பறித்துக் கொள்கின்றனர். நிலத்தின் விலை ஏறினால் உடையவன் குடில்களைப் பிரித்தெறிந்து மக்களை விரட்டுகின்றான். வானம் ஒருமுறை பெயர்த்தது. வாடகை மறுமுறை பெயர்க்கின்றது. பசிக்குச் சோறு மட்டும் போதும் என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

மொழியும் ஒரு துயர்துடைப்பே

ஆசிரியத் தொழிலில் உள்ளார் யாவரும் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சோமாலி மொழிக்கு 1972-இல் இலத்தீன் வரிவடிவம் அரசு முறையில் ஏற்கப்பட்டது. 1974-இல் உயர்நிலைப் பள்ளிகளை ஓராண்டு மூடி, 25,000-க்கும் மேற்பட்ட மாணவரையும் ஆசிரியரையும் மேய்ப்பரிடை அனுப்பித் தாய்மொழி எழுத்தறிவு புகட்ட அந்நாட்டரசு முனைந்தது. அந்நேரத்தில் வந்தது பெருவறட்சி. 'நெடுவால்' எனப் பொருள்படும் பெயரால் இன்றும் அதனை அம்மக்கள் நினைவு கூர்கின்றனர். எழுத்துக் கற்பிக்கச் சென்ற இளைஞர் துயர்துடைப்புப் பணியாளராயினர். மொழித்தொண்டும் மக்கள்தொண்டும் வெவ்வேறல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வரசு தவறும் செய்தது. மேய்ப்பர் பல பதினாயிரவரை வானூர்திகளில் ஏற்றித் தென்புல ஆற்றங்கரைகளிலும் கடற்கரைகளிலும் இறக்கி, உழுக என்றது. மீன் பிடிக்க என்றது. ஆடவர் பலர் வாய்ப்பு வந்தவுடன் மேய்ச்சலுக்கே திரும்பினர். உனக்கு என்ன வேண்டும் என்று அம்மக்களைக் கேளாது செய்த உதவி அவ்வாறுதான் முடியும்.

கேட்பதென்றால் எம்மொழியிற் கேட்பது? 2011-இல் மிகுதியாக மாண்டோர் தென்புலத்து இரகன்வெயின் குடியினரும், ஆற்றங்கரை உழவரான பாண்டுக் குடியினரும். ஆயுதமும் ஆட்சியும் அற்ற எளியோர் அவர். அவர்களுட் பெரும்பாலோர் பேசுவது 'மாய்' மொழி. ஆட்சியிலும் வானொலியிலும் ஓங்கிய சோமாலி மட்டும் அறிந்தாருக்கு அது விளங்காது. 2012-ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பு மாய் மொழிக்கும் இடமளித்துள்ளது. ஆனால், பதிவுத் தாளும் மருந்துக் குறிப்பும் முறையீட்டுத் தொலைபேசியும் அம்மொழியில் இல்லையெனின், இடைத்தரகனை நம்புவதன்றி அத்தாய்க்கு வேறு வழி ஏது? தன் மொழியில் முறையிட இயலாதவளின் பசி கணக்கில் ஏறுவதில்லை. மொழியுரிமையைப் பேச்சழகு என்று நகையாடுவோர் இதற்கு விடை கூறட்டும்.

வேண்டுவன எவை?

முதலாவது, மந்தை சாகுமுன் தீவனமும் நீரும் பணமும். சோமாலியாவில் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் வழக்கம் சிற்றூர் வரை பரவியுள்ளது. ஆகவே வழியில்லை என்னும் சாக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பெயர்ந்து வந்தார்க்கு உயிர்காக்கும் அளவேனும் வசதி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 இலிட்டர் நீர், 2,100 கிலோகலோரி உணவு, இருபதின்மருக்கு ஒரு கழிப்பிடம் என்பன உலகம் ஒப்பிய சிற்றளவுகள். பசியால் மெலிந்த குழவியைப் பெரும்பாலும் கொல்வது தட்டம்மையும் கழிச்சலுமே. ஆகலின் தடுப்பூசியும் தூய நீரும் சோற்றுக்கு நிகரானவை. விறகுக்கும் நீருக்கும் தொலைவு செல்லும் பெண்டிர்க்குக் காவல் வேண்டும்.

மூன்றாவது, விரட்டப்படாமல் வாழ நிலவுறுதியும், குழந்தைகட்குப் பள்ளியும், திரும்ப விழைவார்க்கு ஆடு மாடும் விதையும்.

நான்காவது, இவை அனைத்தையும் அம்மக்களின் மொழியில், அம்மக்களைக் கேட்டுச் செய்யும் முறை.

இவை இரப்பாரின் வேண்டுகோள் அல்ல; உரிமையாளரின் கணக்கு. ஞாலத்தைச் சூடேற்றும் புகையில் சோமாலியரின் பங்கு எண்ணத்தக்கதன்று. ஆயினும், மாந்தர் விளைத்த வெப்ப உயர்வு, 2020 முதல் தொடர்ந்த அவ்வறட்சியை ஏறத்தாழ நூறு மடங்கு நேரக்கூடியதாக ஆக்கிற்று என்று ஆய்வாளர் 2023-இல் உரைத்தனர். புகைத்தவன் ஒருவன், புழுங்குபவன் மற்றொருவன். அவ்வாண்டிறுதியில் வறட்சி போய் வெள்ளம் வந்து, பத்து இலக்கத்திற்கும் மேற்பட்டவரை மீண்டும் பெயர்த்தது.

உதவி மக்களைச் சோம்பராக்கும் என்பாரும் உளர். வெளிநாடுகளில் உழைக்கும் சோமாலியர் ஆண்டுதோறும் நூறு கோடி தாலருக்கும் மேற்பட்ட பணத்தைத் தம் உறவினர்க்கு அனுப்புகின்றனர். அவரா சோம்பர்? கடன்பட்டவன் கடனைத் திருப்பித் தந்தால் வாங்குபவன் சோம்பனாவான் என்று சொல்வது போன்றது இவ்வுரை. ஆனால் வல்லரசுகளோ கடனைச் சுருக்குகின்றன. 2025 ஆகத்தில் 11 இலக்கம் பேருக்கு அளித்த உடனடி உணவுதவியை நவம்பரில் மூன்றரை இலக்கம் பேருக்கெனக் குறைக்க நேர்கின்றது என்று உலக உணவுத் திட்டமே அறிவித்தது. கூலம் இல்லாமையால் அன்று, கொடுப்பார் இல்லாமையால்.

'நம் மொழிக்கும் இனத்துக்கும் ஆயிரம் இடர் இருக்க, ஆப்பிரிக்கர் கதை நமக்கெதற்கு?' என்று நம்மவருள்ளேயே சிலர் கேட்கலாம். தன் மொழிக்கு உரிமை கேட்பவன் பிறன் மொழி மிதிபடுகையில் வாய் மூடியிருப்பானாயின், அவன் கேட்பது உரிமையன்று, சலுகை. நம் கொள்கை நமக்கு மட்டும் உரியதாயின் அது கொள்கையே அன்று.

ஆகவே, தமிழ் நெஞ்சங்களே! ஆசிரியராயின் வகுப்பிற் கூறுங்கள், எழுத்தாளராயின் எழுதுங்கள், பொருளுடையீராயின் நேர்மையான துயர்துடைப்பு நிறுவனம் வழி இயன்றதை ஈயுங்கள். 'வானம் பொய்த்தது, என் செய்வது?' என்று எவரேனும் பெருமூச்சு விட்டால், 'வானம் பொய்த்தது ஐந்து பருவம். நீவிர் பொய்த்தது எத்தனை பருவம்?' என்று திருப்பிக் கேளுங்கள். விடை வரும் வரை கேளுங்கள்!